சாவி கையில் இருக்கும்போது நிற்காதே

ஓய்வு பெற்றுப் பதினோரு மாதம் ஆகிறது. ஆனாலும் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை, நானும் வெளியேறவில்லை. காலையில் காபியோடு அதைத் திறந்து, யார் யாரோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று பார்ப்பது தனிச் சுகம். போன வாரம் சுமதி என்ற இளம் பொறியாளர் எழுதியிருந்தாள்: “இப்பல்லாம் பிழை எங்க இருக்குன்னு ஏஐயே சொல்லிருது. பிரேக்பாயிண்ட் போடுறதுக்கு நம்ம மேனுவல்ல நாலு பக்கம் எதுக்கு? தூக்கிரலாமா?”

உடனே ஒருவர், “கிரேஸ் அக்கா இந்தக் குரூப்லதான் இருக்காங்க, பாத்துப் பேசு” என்று பதில் போட்டார். கிரேஸ் நான்தான். சுமதி பயந்துபோய்ச் செய்தியை அழித்துவிட்டாள். அழித்திருக்க வேண்டாம். நியாயமான கேள்விதான். அந்த நாலு பக்கத்தில் முதல் இரண்டு, நான் செய்த ஒரு முட்டாள்தனத்தால் வந்தவை. அடுத்த இரண்டு, நான் ரொம்பப் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதால் வந்தவை. இரண்டாவதுதான் மோசம். இரண்டையும் சொல்லிவிடுகிறேன், பக்கங்களை வைப்பதா எடுப்பதா என்று பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். இயற்பியல் பட்டம், அதன்மேல் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ, ஆறு மாதம் வேலை தேடல், ஒரு கல்யாணம். இவ்வளவும் முடிந்தபோது ராஜபாளையத்தில் ஒரு சின்ன கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். நூற்பு மில் இயந்திரங்களுக்கு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை செய்து கொடுக்கிற கம்பெனி. பலகைக்குள் ஓடும் புரோகிராம் எழுதுவது என் வேலை. முப்பது வருஷம் ஒரே பஸ் தடம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி என்பதால் ஆபீஸில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் பால்கோவா வாங்கி வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதற்கு மட்டும் எனக்குப் பதவி உயர்வு வரவே இல்லை.

எங்கள் தலைவர் வெங்கட்ராஜா சார். வீட்டில் தெலுங்கு, ஆபீஸில் தமிழ், இயந்திரத்தோடு பேசும்போது இரண்டும். ராஜபாளையத்துக்காரர் என்றதும் வெளியூர்க்காரர்கள் நாயைப் பற்றி விசாரிப்பார்கள். அவர் வீட்டில் ஒரு கிழட்டுப் பூனைதான் இருந்தது. மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் சாக்பீஸை எடுத்து உள்ளங்கையில் உருட்டுவார், அவ்வளவுதான். அந்தச் சாக்பீஸ் உருளத் தொடங்கினால் நாங்கள் அவரவர் வேலைக்குள் தலையைப் புதைத்துக்கொள்வோம்.

மில்லைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். ரிங் பிரேம் என்ற நீண்ட இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள் சுழலும், ஒவ்வொன்றிலும் ஒரு குழலில் நூல் சுற்றும். குழல்கள் நிறைந்ததும் ஒரு மணி அடிக்கும். சுழற்சி நிற்கும். டாபர் என்ற நீளமான இரும்புச் சட்டம் இறங்கி, எல்லாக் குழல்களையும் ஒரே தடவையில் தூக்கிவிட்டு வெறுங்குழல்களைச் செருகும். இந்த டாபருக்கு ஒரு புரோகிராம், ஸ்பிண்டிலுக்கு ஒரு புரோகிராம், திரையில் எண்களைக் காட்ட ஒரு புரோகிராம் என்று பலகைக்குள் பல புரோகிராம்கள் ஒரே சமயத்தில் ஓடும். எல்லாம் ஒத்துப் போனால் சங்கீதம், ஒத்துப் போகாவிட்டால் சந்தைக்கடை.

ஒத்துப் போவதற்கு நாங்கள் வைத்திருந்த ஏற்பாட்டின் பெயர் சாவி. ஒரே எண்ணை இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் மாற்றிவிடக் கூடாது. அதனால் யார் அந்த எண்ணைத் தொட வேண்டுமோ அவர் முதலில் சாவியை எடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் திரும்ப வைக்க வேண்டும். அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். புத்தகத்தில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. எங்கள் ஆபீஸ் மாடியில் கழிவறைக்கு ஒரே சாவி, ஆணியில் ஒரு மரக்கட்டையோடு தொங்கும். அதிலிருந்து வந்த பெயர் இது.

இனி பிரேக்பாயிண்ட். ஓடுகிற புரோகிராமில் ஒரு வரியில் குறி வைப்போம். அந்த வரிக்கு வந்ததும் புரோகிராம் அப்படியே நின்றுவிடும். உள்ளே எந்த எண் என்னவாக இருக்கிறது என்று லேப்டாப்பில் நிதானமாகப் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் ஒரு பட்டனைத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது பாருங்கள்.

சேர்ந்த முதல் வருஷம். எங்கள் சோதனைக் கூடத்தில் ஒரு பழைய ரிங் பிரேமை வாங்கிப் போட்டிருந்தோம். டாபர் புரோகிராமில் ஏதோ ஒரு எண் தப்பாக வந்தது. நான் அதில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்தேன். டாபர் இறங்கத் தொடங்கும் சமயத்தில் புரோகிராம் நின்றது. நான் எண்களைக் குறித்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

அந்தச் சமயத்தில் சாவி, நின்றுபோன டாபர் புரோகிராமின் கையில் இருந்தது. திரை புரோகிராமுக்கும் அதே சாவி வேண்டும். அது கிடைக்காமல் திரை உறைந்துவிட்டது. விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. பார்த்தால் மின்சாரம் போனது மாதிரியே இருக்கும். பிட்டர் மாடசாமி அண்ணன் அப்படித்தான் நினைத்திருக்கிறார். சும்மா கிடக்கிற நேரத்தில் சுத்தம் பண்ணலாம் என்று குனிந்து, சிக்கியிருந்த கழிவு நூலை எடுத்துக்கொண்டிருந்தார். நான் டீ குடித்துவிட்டு வந்து, லேப்டாப்பை மட்டும் பார்த்து, பட்டனைத் தட்டினேன்.

டாபர் இறங்கியது. மாடசாமி அண்ணன் அந்த நொடியில்தான் வியர்வை துடைக்கக் கையை வெளியே எடுத்திருந்தார். தோளிலிருந்த துண்டின் நுனி மட்டும் உள்ளே மாட்டி, துண்டு முழுவதும் போய்விட்டது. நான் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டேன். அவர் என்னிடம் வந்து, “ஏ தாயி, துண்டு வேணும்னா கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்லா. அழாத, எந்தி” என்றார். அந்த மனுஷனை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

வெங்கட்ராஜா சார் வந்தார். சாக்பீஸை உருட்டினார். திட்டவில்லை.

“புரோகிராம் நின்னப்ப சாவி யார் கையில இருந்துச்சு?”

“டாபர் புரோகிராம் கையில சார்.”

“அப்ப மத்தவங்க?”

“வெளிய காத்துக்கிட்டு நின்னாங்க.”

“கழிவறைச் சாவியை எடுத்துக்கிட்டு வராந்தாவுல நின்னு கதை பேசுற மாதிரி. அது தப்பா இல்லையாம்மா?”

“தப்பு சார்.”

“எழுதுவோம்” என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் முதல் இரண்டு பக்கங்கள் எழுதப்பட்டன. சாவி கையில் இருக்கும் வரிகளில் பிரேக்பாயிண்ட் வைக்கக் கூடாது. சாவி எடுப்பதற்கு முந்திய வரியில் வைக்கலாம், திரும்ப வைத்த பிறகு உள்ள வரியில் வைக்கலாம். இயந்திரத்தோடு இணைத்திருக்கும்போது எல்லாப் புரோகிராம்களையும் சேர்த்து நிறுத்தக் கூடாது, மோட்டார் கடைசியாகக் கேட்ட கட்டளையிலேயே ஓடிக்கொண்டிருக்கும், அடக்க ஆள் இருக்காது. நிறுத்துவதாக இருந்தால் ஒரே ஒரு புரோகிராமை மட்டும் நிறுத்து. நிறுத்தியவர் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கக் கூடாது, டீ வேண்டுமானால் டீ அவரிடம் வரும். வேலை முடிந்ததும் வைத்த குறிகளை எல்லாம் எடுத்தாயிற்றா என்று இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும்.

இவற்றோடு ஒரு சடங்கும் சேர்ந்தது. பிரேக்பாயிண்டில் நின்ற புரோகிராமை மறுபடி ஓட விடும் முன் “விடப்போறேன்” என்று கத்த வேண்டும். இயந்திரத்தைச் சுற்றியுள்ள அத்தனை பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். லேப்டாப்காரர் கைகளை எண்ண வேண்டும். சார் எண்ணும்போது தெலுங்கில் எண்ணுவார், ரெண்டு, நாலுகு, ஆறு, எனிமிதி என்று. கணக்குச் சரியாக வந்தால்தான் பட்டன். மில்களுக்குப் போகும்போது இந்தக் காட்சியைப் பார்த்து அங்கிருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். “என்ன மேடம், ஜெப கூட்டமா?” என்று ஒருவர் என் பேரை வைத்துக் கேட்டார். “அது வேற சபை, நாங்க கையெல்லாம் தூக்க மாட்டோம்” என்றேன். சிரித்துக்கொண்டே அவரும் தூக்கினார். இந்த முப்பது வருஷத்தில் எங்கள் ஆட்கள் யாருக்கும் ஒரு நகம்கூடப் போனதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, அடக்கிச் சொல்ல மாட்டேன்.

அந்தப் பெருமைதான் வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் என் காலை வாரியது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அதற்குள் எனக்குக் கீழே நாலு பேர் வேலை பார்த்தார்கள். அந்த மில்லில் எங்கள் பலகை மாட்டிய மூன்றாம் நம்பர் ரிங் பிரேம் திடீர் திடீரென்று உறைந்துபோகிறது என்று புகார். மணி அடிக்கும், டாபர் பாதி இறங்கும், அப்படியே நிற்கும். திரையும் செத்துவிடும். மெயினை அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். அதற்குள் நூல் முழுக்க அறுந்து, எல்லாவற்றையும் இணைத்து முடிக்கப் பாதி ஷிப்ட் போய்விடும். மூன்று வாரத்தில் ஐந்து தடவை. ஐந்தும் ஒரே ஆளின் ஷிப்டில்.

அந்த ஆள் பாண்டியம்மாள். நாற்பது வயதிருக்கும், வன்னியம்பட்டிக்காரர், சேலைக்கு மேல் மில்லின் நீலக் கோட்டு. கணவர் இல்லை. மகள் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் முதல் வருஷம். மில் வேலை போனால் மகளின் படிப்பும் அதோடு போகும், அதை அவரே எனக்குச் சொன்னார், கெஞ்சாமல், தகவலாகச் சொன்னார். நூற்புப் பிரிவுக்குப் பொறுப்பான ஸ்பின்னிங் மாஸ்டரோ முடிவே கட்டிவிட்டிருந்தார். “டாபர் இறங்கையில இந்தம்மா செவப்பு ஸ்டாப் பட்டனை அமுக்கிருது மேடம். இல்லேன்னா இவிய ஷிப்டுல மட்டும் எப்படி வரும்?”

நான் பாண்டியம்மாளிடம் கேட்டேன். “ஸ்டாப் பட்டனை அமுக்குனீங்களா?”

“நான் எதுக்கு மேடம் அதை அமுக்கப் போறேன்? மஞ்சப் பட்டனைத்தான் அமுக்குவேன். மீட்டர் பாக்கதுக்கு.”

மஞ்சள் பட்டனை அமுக்கினால் எத்தனை மீட்டர் நூல் சுற்றியிருக்கிறது என்று திரையில் வரும். மணி அடித்ததும் அந்த அளவைப் பார்த்துச் சிலேட்டில் எழுத வேண்டும் என்பது மில்லின் விதி. சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் டாபர் வேலை முடிந்து ஆற அமர அமுக்கி எழுதுவார்கள். பாண்டியம்மாள் ஒருவர்தான் மணிச் சத்தமும் பட்டன் அமுக்குவதும் ஒன்றாக இருக்கும்படி செய்துகொண்டிருந்தார்.

நான் லேப்டாப்பை இணைத்தேன். விதிப்படி டாபர் புரோகிராமை மட்டும் நிறுத்தும்படி, சாவி எடுப்பதற்கு முந்திய வரியில் பிரேக்பாயிண்ட் வைத்தேன். வெறுங்குழல்களை மாட்டிச் சோதனை ஓட்டம். மணி அடித்தது. டாபர் புரோகிராம் நின்றது. பாண்டியம்மாள் மஞ்சள் பட்டனை அமுக்கினார். திரையில் அழகாக எண் வந்தது. எல்லா எண்களையும் பார்த்தேன், சுத்தம். “விடப்போறேன்!” எல்லாரும் கை தூக்கினார்கள், எண்ணினேன், விட்டேன். டாபர் இறங்கி, தூக்கி, செருகி, போய்விட்டது. இப்படி நாற்பது தடவை. ஒரு தடவைகூட உறையவில்லை.

முப்பதாவது தடவை வாக்கில் பாண்டியம்மாள் ஒன்று சொன்னார். “மேடம், ஒண்ணு சொல்லட்டா? நான் அமுக்குதப்ப நீங்க மிசினை நிப்பாட்டி வச்சிருக்கீக. நெசத்துல அது நிக்காது. அது இறங்கும், நானும் அமுக்குவேன், ரெண்டும் ஒண்ணா நடக்கும்.”

“எல்லாம் ஒண்ணுதாம்மா” என்றேன்.

இந்த வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் என் பணிக்கொடையில் பாதியைக் கொடுத்துவிடுவேன். நாற்பது தடவை சோதித்தோம், புரோகிராமில் பிழை இல்லை, இயக்குபவரின் கையாளல் காரணமாக இருக்கலாம் என்று அறிக்கை எழுதி, அந்த இயந்திரத்துக்கான நோட்டில் ஒட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. ஒருவர் கைக்கும் ஆபத்தில்லாமல் ஒரு நாள் முழுக்கச் சோதித்திருக்கிறேன் அல்லவா!

இரண்டு நாள் கழித்து ஸ்பின்னிங் மாஸ்டர் போன் செய்தார். “உங்க ரிப்போர்ட் ரொம்ப உதவியா இருந்துச்சு மேடம். அந்தம்மாவை நிப்பாட்டியாச்சு.” நன்றி வேறு சொன்னார். என் அறிக்கை ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பும் என்று நான் யோசிக்கவே இல்லை. அதுதான் உண்மை, நல்லவள் வேஷம் போட விரும்பவில்லை.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு. மதுரையிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டார்கள். ஒருவர் மூட்டை அடுத்தவர் வயிற்றில், இவர் விட்டால்தான் அவர், அவர் விட்டால்தான் இவர். ஒருத்தரும் நகர முடியவில்லை. கண்டக்டர் ஏறுகிறவர்களைக் கையை நீட்டித் தடுத்து, “செத்த நேரம் நில்லுங்க, மொதல்ல இறங்க விடுங்க” என்றார். அத்தனை பேரும் இறங்கினார்கள். அப்புறம் ஏறினார்கள். ஒரு சிக்கலும் இல்லை.

நான் ஏறாமல் அங்கேயே நின்றுவிட்டேன். நாற்பது தடவையும் நான் செய்தது அந்தக் கண்டக்டர் வேலைதான். டாபரை நிறுத்தி வைத்து, திரை புரோகிராமுக்கு வழிவிட்டிருக்கிறேன். அது தன் வேலையை முடித்துச் சாவியை வைத்துவிட்டுப் போன பிறகு டாபரை விட்டிருக்கிறேன். முட்டிக்கொள்ள வழியே வைக்காமல், முட்டவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தம்மா அதை அப்படியே வாயால் சொன்னார். எனக்குத்தான் காது இல்லை.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஆபீஸ் போய், நேராக சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேசப் பேச எனக்கு மூச்சு வாங்கியது. “ஆகு, ஆகு” என்றார். தெலுங்கில் பொறு என்று அர்த்தம். சாக்பீஸை எடுத்தார்.

“நாப்பது தடவையும் சாவி எடுக்குறதுக்கு முன்னாடிதான் நிறுத்துன?”

“ஆமா சார். உங்க ரூல்.”

“என் ரூல் கையைக் காப்பாத்துறதுக்கு. அது உண்மையைக் காட்டும்னு நான் எப்ப சொன்னேன்?” கொஞ்ச நேரம் உருட்டினார். பிறகு, “நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்” என்றார்.

மேசைக்கு ஒரு பலகையைக் கொண்டு வந்தோம். இயந்திரம் இல்லை, மோட்டார் இல்லை, டாபருக்குப் பதில் ஒரு சின்ன விளக்கு. பிரேக்பாயிண்ட் எதுவும் போடவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு புரோகிராமும் சாவி எடுக்கும்போதும் வைக்கும்போதும் நினைவகத்தின் ஒரு மூலையில் நேரத்தோடு ஒரு சிறு குறிப்பு எழுதிவிட்டு, நிற்காமல் போகும்படி செய்தோம். மஞ்சள் பட்டனை மணியோடு சேர்த்துத் தானாகவே அமுக்க, ரிலே என்ற ஒரு சின்ன மின் சுவிட்சை மாட்டினோம். மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு தடவை உறைந்தது. நான் கை தட்டியே விட்டேன். சொந்த வீடு இடிந்ததற்குக் கை தட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

குறிப்புகளைப் படித்தோம். சாவிகள் இரண்டு, ஸ்பிண்டில் சாவி ஒன்று, டாபர் சாவி ஒன்று. டாபர் புரோகிராம் முதலில் டாபர் சாவியை எடுத்துவிட்டு ஸ்பிண்டில் சாவியைத் தேடியது. திரை புரோகிராம் முதலில் ஸ்பிண்டில் சாவியை எடுத்துவிட்டு டாபர் சாவியைத் தேடியது. ஒரே அடுப்படியில் இரண்டு ஓரகத்திகள், ஒருத்தி தோசைக்கல்லை வைத்துக்கொண்டு கரண்டிக்குக் காத்திருக்கிறாள், இன்னொருத்தி கரண்டியை வைத்துக்கொண்டு கல்லுக்குக் காத்திருக்கிறாள். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தோசை கிடையாது.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. டாபர் புரோகிராம் ஒரு சாவியை எடுத்து இரண்டாவதை எடுப்பதற்கு முன்னால், சாவி கையில் இருக்கும்போதே நிறுத்த வேண்டும். எங்கள் மேனுவலின் முதல் விதிக்கு நேர் எதிர். நான் சாரைப் பார்த்தேன். “மேசை மேலதான இருக்கு. கடிக்க ஒண்ணுமில்ல. போடு” என்றார். போட்டேன். மஞ்சள் பட்டனை அமுக்கிவிட்டு டாபர் புரோகிராமை ஓட விட்டேன். உறைந்தது. எத்தனை தடவை செய்தாலும் தவறாமல் உறைந்தது.

“டாபர் புரோகிராம் என்னோடது, திரை புரோகிராம் உன்னோடது” என்றார் சார். “எந்தச் சாவியை முதல்ல எடுக்கணும்னு நாம ரெண்டு பேரும் ஒரு நாள்கூடப் பேசிக்கிடல பாரு.” அன்றிலிருந்து எல்லாரும் ஸ்பிண்டில் சாவியை முதலில் எடுக்க வேண்டும் என்று ஆனது. பிழை திருத்தம் நாலு வரிதான். மேனுவலின் மூன்றாம் நாலாம் பக்கங்களும் அன்றுதான் தொடங்கின. இயந்திரத்தில் நிறுத்துவது ஒரு வேலை, மேசையில் நிறுத்துவது வேறு வேலை. நிறுத்திப் பார்த்தபோது பிழை வரவில்லை என்றால், நிறுத்தியதால் வரவில்லையோ என்று முதலில் கேள். ஓட விட்டுக் குறிப்புப் படிக்காமல் ‘பிழை இல்லை’ என்று யாருக்கும் எழுதிக் கொடுக்காதே.

சார் மில்களுக்கு வருவதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. மறுநாள் என்னோடு வந்தார். ஸ்பின்னிங் மாஸ்டரின் அறையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னோம். மாஸ்டர் பிழை திருந்தியதற்கு ரொம்ப சந்தோஷப்பட்டார். பாண்டியம்மாள் பேச்சு வந்ததும் முகம் மாறியது.

“கோளாறு சரியாயிருச்சுல்ல சார்? அந்தம்மா விஷயத்தை இதோட சேக்காதீங்க. நிப்பாட்டுன ஆளைத் திரும்பக் கூப்பிட்டா மத்த ஆளுக என்னை மதிப்பாங்களா?”

“சேத்தது நாங்கதான். எங்க ரிப்போர்ட்டை வச்சுத்தான நிப்பாட்டுனீங்க?”

மாஸ்டர் டீ வரவழைத்தார். சார் டீயைத் தொடவில்லை. மெதுவாகச் சொன்னார். “புது புரோகிராமை ஏத்துறேன். ஆனா சோதிச்சுப் பாக்காம ஓட்ட விட மாட்டேன். மணியும் பட்டனும் ஒண்ணா விழணும். நான் அமுக்கிப் பாத்தேன், வரல. கிரேஸும் அமுக்கிப் பாத்துச்சு, வரல. அந்த நேரம் கைவந்த ஆளு இந்த மில்லுலயே ஒருத்தர்தான். அவங்க வர்ற வரைக்கும் மூணாம் நம்பர் நிக்கட்டும்.”

மேசையில் எங்களுக்காகப் பட்டனை அமுக்கிய ரிலேயைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லாவிட்டால் சிரித்துக் காட்டிக் கொடுத்திருப்பேன்.

மில் வேனை அனுப்பினார்கள். பாண்டியம்மாள் பருத்திக் காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துணி, கையெல்லாம் கீறல். வணக்கம் சொல்லவில்லை. நான் எழுந்து நின்று, பிழை எங்கள் புரோகிராமில் இருந்தது, உங்கள் மேல் தப்பே இல்லை, நீங்கள் விதிப்படி அமுக்கியதால்தான் அது வெளியே வந்தது என்று சொன்னேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தும் முன்பின்னாகத்தான் வந்தது.

“அன்னைக்கே சொன்னேன்ல மேடம்.”

“சொன்னீங்க. நான் கேக்கல.”

அவர் முன்னால் நடந்தார். மூன்றாம் நம்பருக்குப் போனோம். மணி அடித்தது, மஞ்சள் பட்டனை அமுக்கினார். டாபர் இறங்கி, தூக்கி, செருகி, போனது. “சரியாயிருச்சு” என்றார் மாஸ்டர்.

“அன்னைக்கு நாப்பது தடவை பாத்தீக. இன்னைக்கும் நாப்பது பாக்கணும்.”

பார்த்தோம். பத்து தாண்டியதும் பக்கத்து இயந்திரக்காரர்கள் வந்து நின்றார்கள். இருபது தாண்டியதும் சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று வரும்போது எனக்கு நெஞ்சு அடித்த அடி என் பிரசவத்தில்கூட அடிக்கவில்லை. நாற்பதாவது டாபர் மேலே போனதும் எல்லாரும் கை தட்டினார்கள். மாஸ்டரும் வேறு வழியில்லாமல் தட்டினார். “சரிம்மா, நாளையிலருந்து வந்துரு” என்றார்.

பாண்டியம்மாள் நகரவில்லை. “அந்த நோட்டை எடுங்க சார்.”

நோட்டு வந்தது. நான் ஒட்டிய அறிக்கையை அவரே புரட்டி எடுத்து, என் பக்கம் திருப்பினார். “இதுல என்னமோ எழுதிக் கையெழுத்துப் போட்டீக. அம்புட்டும் இங்கிலீசு. என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா அதைக் காட்டித்தான் என்னை வீட்டுக்கு அனுப்புனாக. இப்ப தமிழ்ல எழுதுங்க. நான் வாசிக்கணும்.”

இயந்திரத்தின் மேலேயே நோட்டை வைத்து எழுதினேன். இவ்வளவு வருஷம் புரோகிராம் எழுதியவளுக்கு மூன்று வரிக்குப் பத்து நிமிஷம் ஆனது. பழைய அறிக்கையைக் குறுக்காக அடித்துவிட்டு நோட்டை அவரிடம் கொடுத்தேன். பாண்டியம்மாள் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை ஓட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“பிழை புரோகிராமில் இருந்தது. பாண்டியம்மாள் பட்டனைச் சரியாகவே அமுக்கினார். இதற்கு முன் எழுதியது தவறு.”

வாசித்துவிட்டு, அதற்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார். “தவறு பண்ணுனது யாருன்னு இல்லையே மேடம்?”

நான் எழுதினேன், முழுப் பேரும். அதையும் சத்தமாக வாசித்தார், ஒரு எழுத்து விடாமல். நோட்டை மூடி மாஸ்டர் கையில் கொடுத்தார். பிறகு தலைத்துணியை அவிழ்த்து, காட்டுச் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டே கேட்டார்.

“நாளைக்குன்னு எதுக்கு சார்? ஷிப்டு முடிய இன்னும் மூணு மணி நேரம் கெடக்குல்ல?”